மினுக்கிய பிறகு கறள் கூடிய ஸ்லைடு: வெள்ளவத்தையில் இருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

துவக்கின் சொந்தக்காரர் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பல வருடங்களாக விளையாட்டுக்காகச் சுடுகிறவர். அதற்கென ஒரு பிஸ்டல், முறையான அனுமதிப்பத்திரம், வருடா வருடம் புதுப்பித்தல் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருக்கிறார். வீடு வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்கு மிகக் கிட்ட. பல்கனியில் நின்றால் ரயில் பாதையும் அதற்கப்பால் கடலும் தெரியும். இந்தக் கதைக்குக் கடல் முக்கியம் என்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

துவக்கு 1911 வடிவத்தைச் சேர்ந்தது. ஜோன் பிரௌனிங் வடிவமைத்து, அமெரிக்க இராணுவம் 1911ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட அதே வடிவம்தான். இது 9 மி.மீ. ரவைக்குச் செய்தது, முழுக்க ஸ்டெயின்லெஸ். ஒவ்வொரு வெடிக்கும் பின்னே ஓடித் திரும்பி வரும் மேல்துண்டைத்தான் ஸ்லைடு என்கிறோம். 1911 வடிவத்தில் ஸ்லைடின் மேல்பகுதி வளைவானது, இரண்டு பக்கமும் தட்டையானவை. வளைவில் செய்த தவறை வளைவே மூடிவிடும். தட்டையான பக்கத்தில் அது நடக்காது. ஒரு டியூப் லைட்டின் கீழே பிடித்தால் எங்கே கை அழுத்தியது, எங்கே தளர்ந்தது என்பது முழுக்கத் தெரிந்துவிடும்.

நான் கிராண்ட்பாஸ் பக்கம் உலோகம் மினுக்கும் பட்டறை ஒன்று நடத்துகிறேன். குத்துவிளக்கு, மோட்டார் சைக்கிள் சைலன்சர், ஹோட்டல் பாத்திரம், நிக்கல் முலாம் என்பவைதான் அன்றாட வேலை. துவக்கு என் தொழில் இல்லை. என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் மூலம்தான் இந்த ஐயா என்னைத் தேடி வந்தார்.

ஐயா வீட்டில் நடந்தது

ஒக்டோபர், நவம்பர் மழை முழுவதும் துவக்கு தோல் உறைக்குள் அலுமாரியில் கிடந்திருக்கிறது. மழை விட்டதும் எடுத்துப் பார்த்தால், ஸ்லைடின் இடது பக்கத்தில் ஊசிமுனை அளவில் செம்மஞ்சள் புள்ளிகள். ஸ்டெயின்லெஸ் கறள் பிடிக்காது என்று நம்பியிருந்தவருக்கு அது பெரிய அதிர்ச்சி.

அவர் முதலில் செய்தது, குசினியில் இருந்த இரும்பு நாரால் தேய்த்தது. புள்ளிகள் போய்விட்டன, ஆனால் கீறல் விழுந்தது. கீறலை எடுக்க, கையில் பிடிக்கும் சிறிய சுழல் மெஷினில் கம்பளி முனையைப் பூட்டி, பச்சைப் பொலிஷ் கட்டியைத் தடவி இரண்டு மணி நேரம் மினுக்கியிருக்கிறார். ஒரு வீடியோவில் அப்படித்தான் செய்தார்களாம். அன்று இரவு ஸ்லைடு கண்ணாடி மாதிரி இருந்தது என்றார்.

மூன்று வாரத்துக்குள், முன்பு ஏழெட்டுப் புள்ளி இருந்த இடத்தில் பக்கம் முழுவதும் மெல்லிய மண்ணிறம் படர்ந்துவிட்டது. மினுக்கின பிறகு ஏன் கறள் கூடியது என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இந்த ஆய்வை எழுத வைத்ததும் அந்தக் கேள்விதான்.

முதல் முடிவு: வேலை எங்கே நடக்கும்

"தம்பி, துவக்கைக் கொண்டுவரவில்லை, ஸ்லைடை மட்டும் கழற்றிக்கொண்டு வருகிறேன். ஒரு கிழமை வைத்துச் செய்து தாரும்" என்றார் தொலைபேசியில்.

நான் மறுத்தேன். இலங்கையில் துவக்குகள் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. வைத்திருக்க ஒரு அனுமதி, திருத்த வேறொரு அனுமதி. என்னிடம் இரண்டும் கிடையாது. கழற்றிய துண்டுதானே என்று நினைத்து பட்டறையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு யாராவது வந்து கேட்டால் நானும் அவரும் சேர்ந்தே மாட்டுவோம். என் பட்டறையில் நான்கு பொடியன்கள் வேலை செய்கிறார்கள். பின்வாசல் எப்போதும் திறந்தே இருக்கும். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அது துவக்குத் துண்டு வைக்கிற இடம் இல்லை.

ஆகவே திருத்தும் அனுமதி பெற்ற ஒருவரைத் தேடினோம். கொழும்பிலேயே நீண்ட காலமாக இந்தத் தொழில் செய்யும் நானா ஒருவர் கிடைத்தார். ஏற்பாடு இதுதான்: துவக்கு முழுவதையும் ஐயா நானாவிடம் ஒப்படைப்பார், நானா தன் பதிவேட்டில் எழுதிப் பெட்டகத்தில் வைப்பார், நான் சனிக்கிழமைகளில் என் சாமான்களோடு அங்கே போவேன், கழற்றுவதும் பூட்டுவதும் நானா மட்டுமே. ஸ்லைடு அந்தக் கடையை விட்டு வெளியே வராது. ஐயாவுக்கு இது சுற்றி வளைக்கிற மாதிரி இருந்தது. ஆனால் ஒத்துக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை: பார்த்தது

தைப்பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்கினோம். நானா முதலில் மகசினை எடுத்தார், குழலின் பின்முனையில் ரவை நிற்கும் அறையைக் கண்ணால் பார்த்தார், பிறகு சின்ன விரலை விட்டும் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். ரவை ஒன்றும் அந்த அறையில் இல்லை என்று உறுதி செய்த பிறகே கழற்றத் தொடங்கினார். குறிபார்க்கும் முனைகள், ஊசி, வெற்றுக் கோதை இழுக்கும் கொக்கி எல்லாம் தனித்தனிக் கிண்ணத்துக்குப் போயின.

ஸ்லைடைத் துடைத்து, செட்டியார் தெரு நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியால் பார்த்தேன். இரண்டு விதமான கறள் தெரிந்தது.

ஒன்று பழையது. இடது பக்கத்தில் ஒரே கோட்டில் வரிசையாக நின்ற நுண்ணிய குழிகள். உறையை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். உறையின் தையல் போகும் அதே கோடு. தோல் பதனிடும்போது சேரும் உப்பும் அமிலமும் தோலில் தங்கிவிடும், மழைக்காலத்தில் தோல் ஈரத்தை உறிஞ்சி அப்படியே பிடித்துவைக்கும். துவக்கை உறைக்குள் வைத்து அலுமாரியில் பூட்டியது ஈரத்துணியில் சுற்றி வைத்ததற்குச் சமம்.

மற்றது புதியது. அது குழி இல்லை, படலம். கண்ணாடியில் பார்த்தால் தேய்த்த திசையிலேயே கோடுகோடாக ஓடியது. கோடுகளின் அடியில் மயிர் போன்ற இரும்புத் துணுக்குகள் அங்கங்கே பதிந்து கிடந்தன. இரும்பு நாரில் இருந்து உடைந்தவை. அவற்றின் மேலே கம்பளி முனை ஓடி, துணுக்குகளை ஸ்டெயின்லெஸுக்குள் இன்னும் அழுத்தி, மேலே மினுக்கமும் போட்டுவிட்டது. கறள் பிடித்தது பெரும்பாலும் அந்த நாரின் இரும்புதான்.

முழுப் பழியையும் நாரின் மேல் போடவும் முடியாது. தயாரிப்பாளரின் கையேட்டில் ஸ்லைடு 416 ரக ஸ்டெயின்லெஸ் என்று இருந்தது. இது கரண்டியும் சட்டியும் செய்யும் 304 ரகத்தைப் போன்றதில்லை. 304இல் 18 சதவீத அளவில் குரோமியம், கூடவே நிக்கலும் இருக்கும். 416இல் குரோமியம் 12 முதல் 14 சதவீதம்தான், போதாததற்கு வேண்டுமென்றே கந்தகம் சேர்த்திருப்பார்கள். கந்தகம் மங்கனீசோடு சேர்ந்து உருக்குக்குள் நுண்ணிய இழைகளாகக் கிடக்கும். அதனால் கடைசலில் இலகுவாக வெட்டலாம். ஆனால் அந்த இழை மேற்பரப்புக்கு வரும் இடமெல்லாம் கறளுக்கு வாசல். காந்தம் ஒட்டுகிறதே, இது ஸ்டெயின்லெஸ்தானா என்று ஐயா சந்தேகப்பட்டார். 416 காந்தத்தில் நன்றாக ஒட்டும். அதில் ஒரு பிழையும் இல்லை.

ஸ்டெயின்லெஸைக் காப்பது மேலே இருக்கும் குரோமியம் ஒக்சைட்டுப் படலம். அதன் தடிப்பு இரண்டு மூன்று நானோமீற்றர்தான். கீறினால் காற்றுப் பட்டுத் தானே திரும்ப உருவாகும், மேற்பரப்பு சுத்தமாக இருந்தால். இரும்புத் துணுக்கும் பொலிஷ் கட்டியின் மெழுகும் அப்பிக் கிடக்கிற இடத்தில் அது ஒழுங்காக உருவாகாது.

அப்புறம், அலைகள். டியூப் லைட்டின் பிம்பம் ஸ்லைடின் பக்கத்தில் நேர்கோடாக விழ வேண்டும். இங்கே அது பாம்பு மாதிரி நெளிந்தது. கறுப்பு மார்க்கரால் பக்கம் முழுவதும் பூசி, தட்டையான உருக்குக் கட்டையில் தேய்க்கும் மணல் பேப்பர் சுற்றி நான்கு இழுவை இழுத்தேன். மேடுகளில் மை போனது, பள்ளங்களில் தங்கியது. டயல் கேஜில் அளந்தபோது இடது பக்கத்தின் மிக ஆழமான பள்ளம் 0.06 மி.மீ., விரல் வழுக்காமல் பிடித்திழுக்க வெட்டிய பின்பக்க வரிப்பள்ளங்களுக்கு முன்னால். வலது பக்கத்தில் 0.04. ஸ்லைடில் பொறித்த எழுத்துகளின் விளிம்பும் மழுங்கியிருந்தது. சிறிய முனை கொண்ட மெஷினைத் தட்டையான இடத்தில் ஓட்டினால் இதுதான் நடக்கும். முனை சிறிது, பக்கம் பெரிது. ஒவ்வொரு இழுவையும் தனித்தனிக் கிண்ணம் தோண்டும்.

ஒரு பரிசோதனையை வேண்டாமென்று விட்டது

என்னோடு வந்த பொடியன் கெட்டிக்காரன். "அண்ணே, மயில்துத்தத் தண்ணி தடவிப் பார்ப்போமா? இரும்பு இருக்கிற இடத்தில் செம்பு ஏறும்" என்றான். சமையல் பாத்திர ஸ்டெயின்லெஸில் ஒட்டிய இரும்பைக் கண்டுபிடிக்க அது நல்ல வழி. பட்டறையில் நானே செய்து காட்டியிருக்கிறேன். ஆனால் 416 போலக் குரோமியம் குறைந்த ரகத்தில் நல்ல உருக்கின் மேலேயே செம்பு ஏறிவிடும். அதைப் பார்த்து முழு ஸ்லைடும் கெட்டுவிட்டது என்று நாங்கள் பயந்திருப்போம். அதற்குப் பதிலாக வடித்த நீரில் நனைத்த துணியை ஒரு நாள் சுற்றி வைப்பது, பிறகு எடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். வேலைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை.

இரண்டாவது முடிவு: எவ்வளவு எடுப்பது, எந்த மினுக்கம்

இங்கேதான் அதிக நேரம் பேசினோம்.

ஐயாவுக்கு வேண்டியது கண்ணாடி மினுக்கம். நான் சொன்னது இது: மினுக்குவது என்றால் உலோகத்தை எடுப்பது. எடுத்ததை யாராலும் திரும்ப வைக்க முடியாது. இடது பக்கத்தின் அலையை முழுவதும் போக்க வேண்டுமென்றால் பக்கம் முழுவதும் 0.06 மி.மீ. இறங்க வேண்டும். எழுத்துகளின் ஆழத்தை ஊசிமுனை டயல் கேஜால் அளந்தால் 0.15 மி.மீ.தான் வந்தது, மழுங்கிய இடங்களில் அதையும்விடக் குறைவு. முழுவதும் இறக்கினால் சில எழுத்துகள் வெறும் நிழலாகிவிடும்.

இந்தத் துவக்கில் தொடரிலக்கம் ஸ்லைடு ஓடும் கீழ்த்துண்டில்தான் இருக்கிறது, ஸ்லைடில் இருப்பது தயாரிப்பாளரின் குறியும் ரவை அளவும் மட்டும். ஸ்லைடிலும் இலக்கம் அடித்த துவக்கு என்றால் நான் அந்தப் பக்கத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன். இலக்கம் தேய்ந்த துவக்கு யாருடைய கையில் இருந்தாலும் அது குற்றத்தின் அடையாளமாகத்தான் பார்க்கப்படும். ரவை அளவைக் காட்டும் குறியும் அழியக்கூடாது என்று நானா உறுதியாகச் சொன்னார். வேறு ரவையைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே பாதியோடு நிறுத்துவது என்று தீர்மானித்தோம். 0.03 மி.மீ. இறக்குவது, மிச்ச அலையை விட்டுவிடுவது. மிச்ச அலை இருக்கும் பக்கத்துக்குக் கண்ணாடி மினுக்கம் பொருந்தாது. நேர்கோட்டு மினுக்கம்தான் பொருந்தும்: 800 நம்பர் பேப்பரால் முன்னிருந்து பின்னாக ஒரே திசையில் இழுத்த நுண்ணிய கோடுகள்.

ஐயா நம்பவில்லை. நானாவின் கடையில் கிடந்த ஸ்டெயின்லெஸ் பட்டை ஒன்றில் வேண்டுமென்றே அதே மாதிரி அலை போட்டு, பாதியைக் கையால் கண்ணாடி ஆக்கினேன், பாதியை 800 நம்பரோடு நிறுத்தினேன். டியூப் லைட்டின் கீழே பிடித்துக் காட்டினேன். கண்ணாடிப் பாதியில் லைட் நெளிந்தது. கோட்டுப் பாதியில் வெளிச்சம் ஒரே சீராகப் பரவியது. அவர் பட்டையைத் திருப்பித் திருப்பிக் கனநேரம் பார்த்தார். பிறகு, "சரி, உம்முடைய விருப்பப்படியே செய்யும்" என்றார்.

மேல் வளைவை மங்கலாக விடச் சொன்னது நானா. கொழும்பு வெயிலில் கண்ணாடி மாதிரி மினுங்கும் மேல்பகுதிக்கு மேலே குறிபார்த்தால் கண் கூசும். தொடவே கூடாத இடங்களையும் அவரே சோக்கால் குறித்தார்: ஸ்லைடு ஓடும் தண்டவாளப் பள்ளங்கள், ரவையின் அடி வந்து சாயும் முகம், குழல் பூட்டும் உட்பள்ளங்கள். அங்கே ஒரு மயிரளவு குறைந்தாலும் துவக்கின் இயக்கமே மாறும். வெளிப்பக்கம் அழகுக்கு மட்டும். அங்கே மட்டும்தான் எனக்கு வேலை.

வேலை

பஃப் மெஷின் எதையும் பாவிக்கவில்லை. சுழலும் பஃப் விளிம்புகளைத்தான் முதலில் தின்னும். 1911 ஸ்லைடின் அழகே அந்த நேரான விளிம்பில்தான் இருக்கிறது. முழுவதும் கையால், உருக்குக் கட்டையில் சுற்றிய புதிய வோட்டர் பேப்பரால், மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு. முன்பு வேறு இரும்புக்குப் பாவித்த பேப்பர் ஒன்றுகூட மேசைக்கு வரக்கூடாது என்று பொடியனிடம் சொல்லிவைத்தேன். ஐயாவின் இரும்பு நார் செய்ததை நாங்கள் திரும்பச் செய்யக்கூடாதே.

320 நம்பரில் தொடங்கினோம். அதன் மணல் ஏறக்குறைய 46 மைக்ரோன். பிறகு 400, அது 35. பிறகு 600, அது 26. கடைசியில் 800, அது 22. ஒவ்வொரு நம்பருக்கும் இழுக்கும் திசையைச் சற்றுச் சரித்து மாற்றினோம். அப்போதுதான் முந்தைய நம்பரின் கோடு எங்கே மிஞ்சியிருக்கிறது என்று தெரியும். முந்தையது முழுவதும் போகாமல் அடுத்த நம்பருக்குத் தாவினால், கடைசியில் எல்லாம் முடிந்த பிறகு ஆழமான ஒரு கீறல் மட்டும் பளிச்சென்று நிற்கும், திரும்பவும் 320க்கு இறங்க வேண்டிவரும். எழுத்துகள் இருந்த இடத்தில் கட்டையை அழுத்தவே இல்லை, அதன் எடையோடு விட்டோம்.

இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் ஒரு தவறைக் கண்டேன். ஸ்லைடின் முன்முனையில் மூலை லேசாக உருண்டுவிட்டது. கட்டை ஒவ்வொரு இழுவையிலும் முனையைத் தாண்டிப் போகும்போது சற்றுச் சாய்கிறது. ஐம்பது இழுவைக்குப் பிறகு அந்தச் சாய்வு மூலையில் ஏறிவிடுகிறது. இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். விளக்குத் தண்டில் வேலை செய்த கைக்கு விளிம்பின் அருமை மறந்துவிட்டது. உடனே நிறுத்தி, அதே உயரத்துக்கு இரண்டு ஸ்டெயின்லெஸ் துண்டுகளை வெட்டி, ஸ்லைடின் இரு முனையிலும் ஒட்டி நிற்கும்படி குறட்டில் பிடித்தோம். அதற்குப் பிறகு கட்டை சாய்ந்தாலும் அந்தத் துண்டுகளில்தான் சாய்ந்தது. உருண்ட மூலை மட்டும் உருண்டதாகவே இருக்கிறது. ஐயாவிடம் அன்றைக்கே காட்டிச் சொன்னேன்.

மேல் வளைவின் கீறல்களை நானா தன்னிடமிருந்த நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தால் வீசியடிக்கும் பெட்டியில் மங்கலாக்கினார். பக்கங்களுக்கு இரட்டை டேப் ஒட்டிய பிறகு அது பத்து நிமிட வேலை.

கறளைத் திரும்ப வரவிடாமல்

மூன்றாவது சனிக்கிழமை முழுவதும் இதற்கே போனது. தேய்த்த மேற்பரப்பை அப்படியே விட்டால் மிஞ்சிய இரும்புத் துணுக்குகளும் உடைந்த கந்தக இழைகளும் அங்கேயே இருக்கும். சித்திரிக் அமிலக் குளியல் அவற்றைக் கரைத்து எடுத்து, குரோமியப் படலம் சீராக உருவாக விடும். 304க்கு அமிலம் ஒன்றே போதும். கந்தகம் சேர்த்த 416க்குப் போதாது. இழைகள் கரைந்து போன நுண்குழிகளுக்குள் அமிலம் தங்கி, கழுவினாலும் வெளியேறாமல் பிறகு உள்ளிருந்து அரிக்கும். ஆகவே முன்னும் பின்னும் காரம்.

ஐந்து சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலை 75 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கி அரை மணி நேரம் வைத்தோம். கழுவினோம். வெதுவெதுப்பான சித்திரிக் அமிலத்தில் அரை மணி நேரம். கழுவினோம். திரும்பவும் அதே காஸ்டிக் சோடா, அரை மணி நேரம். கழுவி, உடனே காயவைத்தோம். சூடான காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். நீளக் கையுறை, முகக் கவசம், திறந்த யன்னல் இல்லாமல் யாரும் அதன் பக்கம் போகவில்லை.

குழாய்த் தண்ணீரைப் பாவிக்கவில்லை. அதில் குளோரின் போட்டிருக்கும். அந்தத் தண்ணீரில் இருக்கும் குளோரைட்டு, அமிலக் குளியலில் சேர்ந்தால் மினுக்கிய முகம் சாம்பல் நிறமாக அரித்துப் போகலாம். பெற்றோல் ஷெட்டில் விற்கும் பற்றரித் தண்ணீரைப் பத்து போத்தல் வாங்கிக்கொண்டு போனோம்.

வேலைக்கு முன் சுற்றிய ஈரத்துணியில் ஒரு நாளில் மண்ணிறக் கறை நன்றாக ஏறியிருந்தது. இப்போது சுற்றிய துணி வெள்ளையாகவே வந்தது. தையல் கோட்டில் இருந்த பழைய குழிகளில் ஆழமான மூன்று மட்டும் மிஞ்சியிருந்தன. அவை கறுப்புப் புள்ளியாகத் தெரிகின்றனவே தவிர, கறள் கக்கவில்லை.

பூட்டிய பிறகு வந்த சிக்கல்

நானா பூட்டினார், எண்ணெய் போட்டார், கையால் இழுத்துப் பார்த்தார், எல்லாம் சரி. ஐயா தன் சங்கத்தின் சுடுதளத்துக்குக் கொண்டுபோய் ஐம்பது ரவை சுட்டார். இரண்டு தரம் வெற்றுக் கோது வெளியே பாயாமல் வாசலில் சிக்கிக்கொண்டது. மினுக்குவதற்கு முன்பு இப்படி ஒருநாளும் நடந்ததில்லை. வெளிப்பக்கம் தேய்த்ததற்கும் கோது சிக்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

நானாவுக்கு விளங்கியது. 1911 வடிவத்தில் கோதை இழுக்கும் கொக்கி ஸ்லைடுக்குள் நீளமாகத் துளைத்த ஒரு குழிக்குள்ளே இருக்கும். வேலை தொடங்கும்போது அந்தக் குழியின் முன்வாயை மெழுகால் அடைத்தோம், பின்வாயை மறைக்கும் டேப்பால் ஒட்டினோம். மண்ணெண்ணெய் டேப்பின் பசையை இளக்கிவிட்டது. பேப்பர் தூளும் மண்ணெண்ணெயும் சேர்ந்த சேறு அந்த இடைவெளியால் உள்ளே போயிருக்கிறது. குளியல்கள் மேற்பரப்பைச் சுத்தமாக்கின, ஒடுக்கமான குழியின் அடியில் இறுகிய சேற்றை அசைக்கவில்லை. கொக்கி சுயமாக அசைய இடமில்லாமல் போய்விட்டது.

வெள்ளைப் பஞ்சு சுற்றிய கம்பியை உள்ளே விட்டு எடுத்தபோது சாம்பல் நிறச் சேறு வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அழகுக்காகச் செய்த வேலை, ஒருவர் கையில் வெடிக்கும் சாமானின் இயக்கத்தைத் தடுத்திருக்கிறது. நானா மீயொலிக் குளியலில் ஸ்லைடைப் போட்டு, நைலோன் தூரிகையால் மூன்று முறை துடைத்து, பஞ்சு வெள்ளையாக வரும் வரை விடவில்லை. அடுத்த முறை ஐயா நூறு ரவை சுட்டார். ஒன்றும் சிக்கவில்லை.

பிறகு

ஐயா துவக்கை இப்போது உறைக்குள் வைப்பதில்லை. ரப்பர் விளிம்பு வைத்த இறுக்கமான பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு, பூட்டிய அலுமாரிக்குள் வைக்கிறார். போட்டி நாளில் மட்டும் உறை. மாதம் ஒருமுறை மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. ஒன்றை மட்டும் அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்: பித்தளை மினுக்கும் திரவங்களை இதற்குப் பாவிக்க வேண்டாம். அவற்றில் பலவற்றில் அமோனியா இருக்கும். இவருடையது வெறும் ஸ்டெயின்லெஸ் என்பதால் பெரிய கேடு வராது, ஆனால் அவருடைய நண்பர் ஒருவரிடம் நிக்கல் முலாம் பூசிய பழைய துவக்கு இருக்கிறது. முலாமுக்கு அடியில் செம்பு இருந்தால் அமோனியா கீறல் வழியாக இறங்கி அதைக் கரைக்கும், நிக்கல் மேலிருந்து தோலாக உரியும். கறுப்பு நீலம் ஏற்றிய கார்பன் உருக்குத் துவக்கு என்றால் இன்னும் மோசம். அந்த நிறமே மிக மெல்லிய ஒக்சைட்டுப் படலம்தான். எந்தப் பொலிஷ் போட்டாலும் படலம் போய், அடியில் வெறும் இரும்பு வெளியே வரும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று கடலில் இருந்து நேரே அவருடைய வீட்டுக்குள் அடிக்கிறது. அந்த மாதங்களில்தான் உண்மையான சோதனை என்று சொல்லியிருந்தேன். ஓகஸ்ட்டில் அழைத்தார்: ரவை அளவு எழுத்தின் உள்ளே இரண்டு புள்ளிகள், ஊசிமுனை அளவு. எங்கள் கட்டை இறங்காத இடம் அது. இரும்பு நாரின் துணுக்கு அங்கே பதிந்திருக்கலாம் என்பது என் ஊகம். நைலோன் தூரிகையும் எண்ணெயும் போட்டு எடுத்தார். மழைக்காலம் முடியும் வரை வேறெதுவும் வரவில்லை.

அடுத்த முறை மாற்றப்போவது

திரும்ப இப்படி ஒரு வேலை வந்தால், முதல் நாளே முனைத் துண்டுகளை வெட்டிவைப்பேன். துளைகளுக்கு டேப் ஒட்ட மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் மரக்கட்டையில் சரியான அளவுக்கு ஆப்பு செதுக்கி, அதன் மேல் தடித்த கிரீஸ் பூசி அடைப்பேன். பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு துளையிலும் வெள்ளைப் பஞ்சு விட்டு, வெள்ளையாக வரும் வரை எடுப்பதை வேலையின் பகுதியாக எழுதிவைத்திருக்கிறேன். எழுத்துகளின் உட்பக்கத்தைக் கூர்மையான மூங்கில் குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகே அமிலக் குளியலுக்கு விடுவேன்.

இடம் பற்றிய முடிவை மாற்ற மாட்டேன். மூன்று சனிக்கிழமை நகரத்தின் குறுக்கே சாமான் தூக்கிப் போனது சிரமம்தான். நானா பக்கத்தில் இல்லாமல் அந்தக் கொக்கிக் குழி பற்றி எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

பாதி அலையோடு நிறுத்தியது சரியா என்பதில் ஐயாவுக்கும் எனக்கும் இன்னும் ஒரே எண்ணம் இல்லை. அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலத்தில் நானாவின் கடையில் அவரைச் சந்தித்தேன். ஸ்லைடை டியூப் லைட்டின் கீழே சரித்து, பின்பக்க வரிகளுக்கு முன்னால் வெளிச்சம் கொஞ்சம் வளையும் இடத்தை விரலால் காட்டினார். "இது மட்டும் கண்ணுக்குள்ளேயே நிற்குது தம்பி" என்றார். அதற்குக் கீழே ரவை அளவு எழுத்து நான்கு மூலையும் தெளிவாக நின்றது. அவர் துவக்கைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினார்.